மது இல்லாத பாருக்கு கெக் செட்: வாங்கலாமா?

சிறு நகரத்தில் மது இல்லாத பார் ஒன்று திறக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது கெக் செட்டைத்தான். 19 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கெக் (கேஸ் அழுத்தத்தில் பானத்தை அடைத்து வைக்கும் உருளைப் பாத்திரம்) இரண்டு, கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர், இரண்டு டேப், இவற்றை இணைக்கும் குழாய்கள், கெக்குகளை உள்ளே வைத்துக் குளிரூட்ட ஒரு பெட்டி. வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்காகப் பரவிய இந்த செட்டில் நன்னாரியும் சுக்கும் ஊற்றினால் என்ன ஆகும், நம் வெயிலுக்கு அது தாங்குமா, நம் தெருவுக்கு அது ஒத்துவருமா என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம், நல்ல பொருள். ஆனால் கெக்குக்கும் டேப்புக்கும் முன்னால் குளிர்ச்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். டேப்பை மாட்டி மேசைமேல் நிறுத்தும் பளபளப்பான டவர் வேண்டாம். பதநீரை கெக்குக்குள் விடவே வேண்டாம்.

டாஸ்மாக் 1983இல் தொடங்கியது. 2003 இறுதியில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்தது. அதற்குப் பின் வளர்ந்த பிள்ளைகளுக்கு பார் என்றால் கடைக்குப் பின்னால் சந்தில், பிளாஸ்டிக் டம்ளர் சிதறிக் கிடக்கும் கொட்டகைதான். பெண்கள் அந்தப் பக்கம் நடக்கவே தயங்குவார்கள். இந்த ஊர்களில் மது இல்லாத பார் என்று சொன்னால் இரண்டு பக்கமும் கதவு மூடும். குடும்பத்தோடு வரக்கூடியவர்கள் பார் என்றதும் ஒதுங்குவார்கள், குடிக்கிறவர்கள் மது இல்லை என்றதும் ஒதுங்குவார்கள். கட்டட உரிமையாளர் அடுத்த ஆளுக்குக் கடையைப் பேசி முடித்துவிடுவார். அப்படியிருந்தும் இந்த யோசனைக்கு இங்கே தேவை இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச நம் ஊர்களில் டீக்கடை பெஞ்சை விட்டால் ஹோட்டல் மேசைதான். பெஞ்சில் பெண்கள் உட்காருவதில்லை. ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தால் எழுந்துவிட வேண்டும்.

இது புதிய கனவும் இல்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் முழுக்க மதுக்கடைகள் நிறைந்திருந்த காலத்தில், அங்குள்ள பிரஸ்டன் நகரில் 1832இல் ஜோசப் லைவ்சியும் இன்னும் சிலரும் மதுவை முற்றிலும் விடுவதாக உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்த இயக்கம் வளர்ந்ததில் அந்த வட்டாரத்தில் மது இல்லாத பார்கள் முளைத்தன. ராட்டன்ஸ்டால் என்ற சிற்றூரில் 1890இல் தொடங்கிய ஃபிட்ஸ்பாட்ரிக் பார் அவற்றில் மிஞ்சி நிற்பது. அங்கே பெயர் வாங்கிய பானம் சர்சாபரில்லா. வேரின் குணத்திலும் மணத்திலும் நம் நன்னாரிக்கு நெருங்கிய சரக்கு அது; நன்னாரியை இந்தியன் சர்சாபரில்லா என்றே அவர்கள் குறிப்பார்கள். அந்தக் கடை பீரைப் போலவோ ஜின்னைப் போலவோ நடிக்கிற பானம் எதையும் நம்பவில்லை. தனக்கென்று வேர்ச்சாறும் சர்பத்தும் வைத்திருந்தது. நமக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. விர்ஜின் மோஹிட்டோ என்று அட்டை எழுதும் கடை, இல்லாத ரம்மைத்தான் ஒவ்வொரு மிடறிலும் ஞாபகப்படுத்துகிறது.

சரி, இதற்கு ஏன் குழாய்? 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் முதல் இன்றைய பன்னாட்டு கம்பெனி கலர்கள் வரை எல்லாமே பெட்டிக்கடையில் அச்சிட்ட விலைக்குக் கிடைக்கின்றன. அதே பாட்டிலைத் திறந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கூடுதல் காசு கேட்டால் யாரும் தரமாட்டார்கள், தரவும் தேவையில்லை. குழாயில் வரும் பானத்துக்கு ஒப்பிட வேறு விலை இல்லை. அது உங்கள் கடையில் மட்டும்தான் கிடைக்கும். கவுண்டரில் உட்கார்ந்தவர் கண்முன்னே கைப்பிடி இழுக்கப்பட்டு டம்ளர் நிறைகிறது, ஊற்றுகிறவரோடு ஒரு பேச்சு தொடங்குகிறது. பார் என்ற இடத்துக்கு உயிர் தருவதே அதுதான்.

குளிர்ச்சி

எல்லாத் தொல்லையும் இங்கிருந்துதான் வரும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு கேஸைப் பிடித்துக்கொள்ளும். 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 4 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 4.2 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. இதுதான் நாக்கில் சுருக்கென்று குத்தும் நல்ல சோடா. 10 டிகிரியில் அதே அழுத்தத்துக்கு 3.5 லிட்டர்தான். 30 டிகிரியில், அதாவது அறையில் சும்மா வைத்த கெக்கில், 2 லிட்டருக்கும் கீழே. சோடா கடைக்காரர் போல அழுத்தத்தைக் கூட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கெக் உடம்பு 130 பிஎஸ்ஐ வரை தாங்கும். ஆனால் சூடான பானம் அந்த அழுத்தத்திலிருந்து டேப் வழியே வெளியே வந்ததும் நுரையாகப் பீறிட்டுத் தரையில் ஓடும். டம்ளரில் மிஞ்சுவது சப்பென்ற சர்க்கரைத் தண்ணீர்.

ஆகவே பெட்டி. கடைகளில் ஐஸ்கிரீம் வைக்கும் மேல்மூடி ஃப்ரீசர்தான் சரியான தேர்வு. கெக்கின் உயரம் சுமார் 64 செ.மீ., விட்டம் 22 முதல் 23 செ.மீ. வரை. இரண்டு கெக் பயன்பாட்டில், இரண்டு அடுத்த நாளுக்குக் குளிர்ந்துகொண்டு, ஆக நான்கு நிற்க வேண்டும். அட்டையில் வட்டம் வெட்டி எடுத்துப்போய்க் கடையிலேயே பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். கம்ப்ரஸர் இருக்கும் பக்கம் உள்ளே ஒரு படி மேடாக வரும், அதன்மேல் கெக் நிற்காது. மூடியைக் கழற்றி, பெட்டியின் வாய்க்கும் மூடிக்கும் நடுவே 15 முதல் 20 செ.மீ. உயர மரச்சட்டம் அடிக்க வேண்டும். டேப் அந்தச் சட்டத்தில்தான் மாட்டப்படும். ஃப்ரீசரின் பக்கச் சுவரில் துளை போடவே கூடாது. குளிரூட்டும் குழாய் அந்தத் தகட்டுக்குள்ளேயே சுற்றி ஓடுகிறது. துளைத்தால் அன்றோடு பெட்டி காலி.

ஃப்ரீசரை அப்படியே ஓடவிட்டால் கெக் உறைந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்றை நடுவில் மாட்டி 3 டிகிரியில் நிறுத்துங்கள். அதன் சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கும், சீக்கிரம் போய்விடும். ஒரு பாட்டில் தண்ணீரில் சென்சாரை மூழ்கவிடுவது அல்லது கெக் உடம்போடு சேர்த்து தெர்மாகோல் துண்டை வைத்து ஒட்டுவது சரி. மலிவான கன்ட்ரோலரில் ரிலே, அதாவது மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் உள் சுவிட்ச், ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் இரவு முழுக்க ஃப்ரீசர் ஓடி, காலையில் கெக்குக்குள் ஐஸ் கட்டியிருக்கும். கன்ட்ரோலரை மட்டும் நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டரும் போட்டுவையுங்கள். கடலோர ஊரென்றால் பெட்டியின் அடியில் தினமும் தண்ணீர் தேங்கும். துடைக்காவிட்டால் பூஞ்சை வாடை அடிக்கும்.

டவரை ஏன் வேண்டாம் என்கிறோம்? டவர் பெட்டிக்கு வெளியே, 36, 38 டிகிரி காற்றில் நிற்கிறது. அதற்குள் தேங்கும் பானம் சூடேறும். ஒவ்வொரு முறை டேப்பைத் திறக்கும்போதும் முதல் அரை டம்ளர் வெறும் நுரை. கூட்டம் தொடர்ந்து வருகிற கடையில் அது பெரிதாகத் தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் ஊற்றுகிற கடையில் அதுவே லாபத்தைத் தின்றுவிடும். மரச்சட்டத்தில் மாட்டிய டேப்பின் பின்பக்கம் எப்போதும் குளிரிலேயே இருக்கும், ஊற்றும் வாய் மட்டும்தான் வெளியே.

கேஸும் குழாயும்

உணவுத் தரக் கார்பன் டை ஆக்சைடு என்று பில்லில் எழுதித் தருகிற இடத்தில் மட்டும் சிலிண்டர் நிரப்புங்கள். தீயணைப்பான் நிரப்பும் கடையில் மலிவாகக் கிடைக்கும் கேஸில் எண்ணெய் வாடை இருந்தால் அது நேரே பானத்துக்குப் போகும். 17 லிட்டர் பானத்துக்குக் கேஸ் ஏற்றவும், அதைக் கடைசி டம்ளர் வரை வெளியே தள்ளவும் சேர்த்து சுமார் 270 முதல் 300 கிராம் செலவாகும். 5 கிலோ கேஸ் இருந்தால் 15 கெக் வரை ஓட்டலாம், கசிவு இல்லை என்றால். சிலிண்டர் பக்கத்து கேஜைப் பார்த்து மீதத்தைக் கணிக்க முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அசையாது. 31 டிகிரிக்கு மேல் வெயில் ஏறினால் அது காட்டுவதற்கும் மீதிக்கும் சம்பந்தமே இருக்காது. தராசில் வைத்து எடை பார்ப்பதுதான் ஒரே வழி. காலி எடை சிலிண்டர் கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

சிலிண்டரைப் பெட்டிக்கு வெளியே, நிற்கவைத்து, சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தாழ்வான மூடிய அறையில் தரையோடு தேங்கும், மணமே இருக்காது. சிலிண்டரைச் சிறு ஸ்டோர் ரூமில் பூட்டி வைக்கிற பழக்கம் உயிருக்கு ஆபத்து. அடிப்பக்கம் காற்று வெளியேற வழி கட்டாயம் வேண்டும்.

கெக்கில் இரண்டு முனை. சாம்பல் நிற இணைப்பு கேஸ் உள்ளே போக, கறுப்பு நிற இணைப்பு பானம் வெளியே வர. மாற்றி அழுத்தி மாட்டினால் சிக்கிக்கொள்ளும், ஸ்பேனர் போட்டுத்தான் கழற்ற வேண்டியிருக்கும். கேஸ் வழியில் ஒருவழி வால்வு கண்டிப்பாக வேண்டும். கெக்கை 17 லிட்டரோடு நிறுத்தாமல் கழுத்துவரை நிரப்பினால், கேஸ் முனையின் குட்டைக் குழாய் பானத்தில் மூழ்கி, சர்க்கரைத் தண்ணீர் பின்னோக்கி ஏறி ரெகுலேட்டருக்குள் போய்விடும். பிறகு அந்த ரெகுலேட்டர் சொல்லும் அழுத்தத்தை நம்ப முடியாது.

பானம் வரும் குழாயின் நீளத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பீருக்கு 12 பிஎஸ்ஐ போதும், ஒன்றரை, இரண்டு மீட்டர் குழாய் போதும். செட்டோடு வருவதும் அதுதான். சோடாவுக்கு 30 பிஎஸ்ஐ. அந்த வேகத்தை உரசி உரசிக் குறைக்க, 5 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் 8 மீட்டராவது தேவை. சுருட்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம். இதைச் செய்யாமல் ஊற்றும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைப்பவர்கள் உண்டு. அன்றைக்குச் சரியாகத்தான் வரும், இரண்டு நாளில் கெக் முழுக்கச் சப்பென்று ஆகிவிடும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திருகு வைத்த டேப்பும் கிடைக்கிறது. செலவு கூடினாலும் அதுவும் நீளக் குழாயும் சேர்ந்தால் புது ஆளும் சிந்தாமல் ஊற்றலாம்.

டேப்பும், அதன் பின்னால் பானம் ஓடும் தண்டும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் இருக்க வேண்டும். பித்தளைமேல் குரோம் பூசியது பளபளப்பாக, விலை குறைவாகக் கிடைக்கும். எலுமிச்சைப் புளிப்பும் கரைந்த கேஸும் சேர்ந்து பித்தளையை அரித்துச் செம்பைப் பானத்தில் இறக்கும். குமட்டல், வாந்தி என்று வாடிக்கையாளர் உடம்பைக் கெடுக்கும் விஷயம் இது. காந்தத்தை வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பித்தளையிலும் ஒட்டாது, 304இலும் ஒட்டாது. டேப் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். மூடியின் விளிம்பில், முனைகளின் நடுவில் குத்தும் ஊசி வால்வில், ரெகுலேட்டர் நட்டில், ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடமாவது உற்றுப் பார்க்க வேண்டும். பெரிய கசிவு உஸ் என்று காதில் விழும். சிலிண்டரை இரண்டே நாளில் காலி செய்வது பெரும்பாலும் கேட்காத கசிவுதான்: கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக ஊதி, உடைந்து, மறுபடி அதே இடத்தில் முளைக்கும். பெரும்பாலும் அங்கே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். உணவுத் தரச் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு தடவி மாட்டினால் நின்றுவிடும், இல்லையென்றால் ரிங்கை மாற்றுங்கள். மூடி முதலில் லேசாகக் கசிவது இயல்பு. 30 பிஎஸ்ஐ ஏற்றியதும் தானாக அழுந்தி உட்காரும்.

என்ன ஊற்றுவது

ஒரு பார் நடக்க வேண்டுமென்றால் பானம் மெதுவாக உள்ளே போக வேண்டும். கலர் மூன்றே மடக்கில் தீர்ந்துவிடும், குடித்தவர் எழுந்து போய்விடுவார். இனிப்பைக் குறைத்து, கசப்பு, துவர்ப்பு, காரம் மூன்றில் ஒன்றை முன்னால் நிறுத்தினால் அதே 200 மி.லி. அரை மணி நேரம் தாங்கும். பாட்டில் கலரில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. இங்கே 60 கிராம் போதும்.

நன்னாரிக்கு 17 லிட்டர் கணக்கு இது: காய்ந்த வேர் 200 கிராம், நடுத் தண்டைத் தட்டி நீக்கிவிட்டுப் பட்டையை மட்டும் எடுங்கள். 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் பட்டையைப் போட்டு மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் அந்த மணம் ஆவியோடு அடுப்படியிலேயே போய்விடும். வடித்ததில் 1 கிலோ சர்க்கரை, 34 கிராம் சிட்ரிக் அமிலம், 5 கிராம் உப்பு கரைத்து, குளிர்ந்த ஆர்ஓ தண்ணீரால் 17 லிட்டராக்குங்கள். போர் தண்ணீர் ஆகாது, அதிலுள்ள காரத்தன்மை புளிப்பை விழுங்கிவிடும். எலுமிச்சைச் சாற்றை கெக்கில் ஊற்றினால் மூன்றாம் நாளே பழைய வாடை வருகிறது. அதனால் சாறு வேண்டாம், டம்ளரின் மேல் எலுமிச்சைத் தோலை ஒரு முறை முறுக்கிவிட்டால் மணம் வந்துவிடும்.

நீலகிரித் தேயிலை இன்னொரு நல்ல பானம். லிட்டருக்கு 8 கிராம், ஆக 136 கிராம் இலை, குளிர்ந்த தண்ணீரில் 12 மணி நேரம், பெட்டிக்குள்ளேயே. இதற்கு 30 பிஎஸ்ஐ ஆகாது. தேயிலையும் காப்பியும் கேஸோடு சேர்ந்தால் அடங்காமல் நுரைக்கும், 15 பிஎஸ்ஐயோடு நிறுத்துங்கள். சுக்கு, மல்லி, கருப்பட்டி சேர்ந்ததும் அருமையாக வரும். கருப்பட்டியில் மணலும் நாரும் இருக்கும். இரட்டைத் துணியில் வடித்து, அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற எந்தத் துகளும் முனையின் ஊசி வால்வை அடைத்துவிடும். சப்ஜா விதை, பழச்சதை, பால், தயிர் எதுவும் கெக்குக்குள் போகக் கூடாது.

கேஸ் ஏற்றும் முறை சுலபம். கலவையை ஊற்றி மூடி, 10 பிஎஸ்ஐ கொடுத்து மேல் வால்வை இழுத்துக் காற்றை வெளியேற்றுங்கள், மூன்று முறை. பிறகு 24 மணி நேரம் குளிரவிடுங்கள். முழுக்கக் குளிர்ந்தபின் 30 பிஎஸ்ஐ வைத்து, கெக்கைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் உருட்டினால் அன்று மாலையே ஊற்றலாம். உருட்டாமல் விட்டால் ஒரு வாரம் வரை ஆகும். குளிராத கெக்கை உருட்டுவதில் பயனே இல்லை. ஒரு கெக்கில் கணக்குக்கு 85 டம்ளர், சிந்தியதும் நுரைத்ததும் போகக் கைக்கு வருவது 75, 80.

பதநீர் விஷயத்தில் ஆசை வரும், புரிகிறது. ஆனால் பதநீர் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும் சரக்கு. கெக்கில் அடைத்து ஒரு நாள் மின்சாரம் போனால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. சுண்ணாம்பு தடவிய பானையிலிருந்து இறக்கிய காலையிலேயே விற்றுத் தீர்க்கிறவர் கையில்தான் அது பத்திரமாக இருக்கும். தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் கொம்புச்சாவிலும் இதே சிக்கல். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானக் கணக்கில் வரும், வெப்பத்தில் கிடந்த கொம்புச்சா அந்தக் கோட்டைத் தாண்டக்கூடியது. காக்டெயில் புத்தகங்கள் கசப்புக்குச் சொட்டுவிடச் சொல்லும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால். சில சொட்டுதானே என்று அலமாரியில் வைத்தால், மது இல்லை என்று போர்டு போட்ட கடையில் மது பாட்டில் இருப்பதாகத்தான் அர்த்தம். கசப்புக்கு நார்த்தங்காய்த் தோல், வறுத்த வெந்தயம், காப்பிக் கொட்டை எல்லாம் நம்மிடமே இருக்கின்றன.

கழுவுதல்

சர்க்கரைப் பானம் ஓடும் குழாயை வாரம் ஒரு முறை சூடான காரக் (அல்கலைன்) கரைசலால் ஓடவிட்டுக் கழுவி, சுத்தத் தண்ணீரால் அலச வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசல் ஸ்டீலில் புள்ளி புள்ளியாகக் குழி போட்டுவிடும். டேப் வாயை ராத்திரி கடை மூடும்போது பிரஷ் விட்டுக் கழுவாவிட்டால் பழ ஈ மொய்க்கும். நன்னாரி ஒரு முறை ஓடிய பிளாஸ்டிக் குழாயும் ரப்பர் வாஷரும் அந்த மணத்தை விடவே விடாது, எத்தனை கழுவினாலும் தேயிலையில் நன்னாரி வீசும். ஆகவே நன்னாரிக்கென்று ஒரு கெக், ஒரு குழாய், ஒரு டேப் ஒதுக்கிவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும் கெக்குக்கும் இதுதான்: பழைய கோலா வாடை ரப்பரில் உட்கார்ந்திருக்கும், எல்லா ரிங்கையும் மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

தெருவில் எப்படித் தெரிகிறது

டேப் கைப்பிடியையும் நுரையையும் ரோட்டிலிருந்து பார்ப்பவர் பீர் என்றுதான் நினைப்பார். கோபப்படுவதில் பலனில்லை, அவர் வேறெங்கும் இதைப் பார்த்ததில்லை. கண்ணாடி முகப்பு, வெள்ளை வெளிச்சம், தெருவைப் பார்த்த கவுண்டர் மூன்றும் இருந்தால் பாதிச் சந்தேகம் போய்விடும். இருட்டும் நீல விளக்கும் வைத்தால் கடை எவ்வளவு அழகாக இருந்தாலும் பெண்கள் உள்ளே வரமாட்டார்கள். கைப்பிடி மீது பெரிய எழுத்தில் நன்னாரி, சுக்கு என்று பானத்தின் பெயர். பீர் மக் வேண்டாம், நேரான 300 மி.லி. டம்ளர். உணவுப் பாதுகாப்புச் சான்றையும், ஒவ்வொரு பானத்துக்கும் ஆல்கஹால் அளவு பார்த்த ஆய்வக அறிக்கையையும் சட்டம் போட்டுக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டுங்கள். போலீஸோ ஊர்ப் பெரியவரோ வந்து கேட்டால் வாக்குவாதத்துக்கு வேலையே இல்லை, ஒரு டம்ளரும் அந்தக் காகிதமும் போதும். உரிமையாளரிடம் கடை பேசப் போகும்போதும் அந்த அறிக்கையைக் கொண்டுபோங்கள். பெயர்ப்பலகையில் பார் என்ற சொல் முதல் வருடம் வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. உள்ளே உட்கார்ந்தவர்களே அந்தப் பெயரை வைக்கட்டும்.

கவுண்டர் உயரம் 105 செ.மீ., ஸ்டூல் 75 செ.மீ., கால் முட்டாமலிருக்கப் பலகை 25 செ.மீ. வெளியே நீட்டியிருக்க வேண்டும். சேலையில் வருபவர்கள் ஏறி உட்கார ஸ்டூலுக்குக் கால்கம்பி அவசியம். இரண்டு, மூன்று இருக்கைகளைச் சாதாரண நாற்காலி உயரத்திலும் போடுங்கள், வயதானவர்கள் வருவார்கள். தட்டில் சுண்டலோ வேர்க்கடலையோ இருந்தால் இரண்டாவது டம்ளர் தானாகக் கேட்பார்கள்.

பாட்டிலில் அடைத்து வீட்டுக்கு விற்கும் யோசனை வந்தால் ஆடிட்டரிடம் பேசாமல் இறங்காதீர்கள். சர்க்கரை சேர்த்த கேஸ் பானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். உட்கார்ந்து குடிக்கும் கடையின் கணக்கு வேறு, பாட்டில் கணக்கு வேறு.

இந்த செட் யாருக்குத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு டம்ளர் வேகமாக ஊற்றப்போகிறவர்களுக்கு இது சரிப்படாது. கெக் மாற்றவும் குளிரவைக்கவும் நேரம் போதாது. அவர்களுக்கு ஓடும் தண்ணீரிலேயே கேஸ் ஏற்றி சிரப்போடு கலக்கும் சோடா மெஷின்தான் சரி. பவர்கட் அடிக்கடி நாலு மணி நேரத்தைத் தாண்டும் ஊரில் ஜெனரேட்டர் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. மற்றவர்கள், முப்பது இருக்கைக்குள் ஒரு மாலை நேரக் கடை போட நினைப்பவர்கள், இரண்டே டேப்போடு தொடங்குங்கள். மூன்றாவது டேப்புக்கான துளையை மரச்சட்டத்தில் இப்போதே போட்டு, ரப்பர் மூடியால் அடைத்து வைத்துவிடுங்கள்.